மூன்றாம் நபர்

பங்குனி மாதம் கொடுமுடிக்குப் போனால் சாலையில் வண்டிகளைவிட நடக்கிறவர்கள்தான் கண்ணில் படுவார்கள். உத்திரத்துக்குக் காவிரியில் தீர்த்தம் எடுத்து, காவடி கட்டி, பழனிக்கு நடந்தே போகிறவர்கள். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், தோளில் தீர்த்தக் கலசம். ராத்திரியிலும் நடப்பார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கூட்டம். இந்த வருடம்தான் முதல்முறையாக அவர்களை ஒரு கார் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, கொஞ்சம் பயத்தோடு பார்த்தேன். ஓட்டிக்கொண்டிருந்தது அக்கா மகள். அவளுக்குப் பதினெட்டு வயது. லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு வேலை வைத்திருந்தாள். காருக்கு இன்சூரன்ஸ் முடியப்போகிறது. நான் சாஃப்ட்வேர்காரன் என்பதால், கம்ப்யூட்டரில் செய்கிற எல்லா வேலையும் எனக்குத் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. லேப்டாப்பைத் திறந்து பழைய பாலிசியை எடுத்தேன். மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, இதுல எங்கயுமே எம்பேரு இல்லியே? ஓட்டப்போறது நான்தானுங்களே?”

அக்கா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். “எது கொறச்சலோ அதையே போட்டுடு சாமி. வண்டி பாதி நாள் வீட்லதான நிக்குது.”

திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் கார் ஓட்டமாட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக ஓட்டியதில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவும் மாட்டோம்.

குறைந்த விலைக்கும் அவள் கேள்விக்கும் நடுவில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது என்று அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. அதில் எங்கள் குடும்பத்தின் ஒரு ஏக்கர் நிலமும் இருக்கிறது.

*

முதலில் அவள் பெயர் ஏன் இல்லை என்பதைப் பார்ப்போம்.

பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பதினெட்டு வயதுப் பிள்ளை ஓட்டப்போகிறது என்று சொன்னால் பிரீமியம் எகிறிவிடும். அங்கே காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது ‘யார் ஓட்டுகிறார்?’ என்றுதான். அதனால் பிள்ளை ஓட்டும் வண்டிக்கு அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டிக் காசு மிச்சம்பிடிக்கும் வழக்கமும் உண்டு. பிரிட்டனில் அது மோசடி.

நம் ஊரில் அந்த மோசடிக்கே தேவையில்லை. நம்மிடம் யாரும் கேட்பதில்லை. மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் விலையை அரசுத் தரப்பு நிர்ணயிக்கிறது. காருக்கு அது எஞ்சினின் கொள்ளளவைப் பார்க்கிறது. 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த பட்டியலில் 1,000 சிசி வரையான காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான பகுதியைக் கணக்கிடும் பழைய டாரிஃப் முறை வண்டியின் வயது, மதிப்பு, சிசி இவற்றோடு அது பதிவான மண்டலத்தையும் பார்த்தது. சென்னை, பெங்களூரு போன்ற எட்டுப் பெருநகரங்கள் ‘ஏ’; கொடுமுடி மாதிரி மீதியெல்லாம் ‘பி’. முப்பது வருடம் ஓட்டியவரும் மூன்று வாரம் ஓட்டியவளும் இந்தக் கணக்கில் ஒன்று.

பாலிசியில் ஓட்டுநரைப் பற்றி ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஒரு புரோகிராமர் கண்ணில் இது ஒரு ‘இஃப் கண்டிஷன்’. உள்ளே வந்தால் எல்லாம் உண்டு, வெளியே போனால் தலைகீழ். அந்தத் தலைகீழ் எப்படி இருக்கும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும்.

*

மோட்டார் காப்பீடு ஆரம்பத்தில் பணக்காரர்களின் சமாச்சாரம். கார் வைத்திருப்பவர் தன் காரைக் காப்பாற்றிக்கொள்ள விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். அடிபட்டவரின் நிலை வேறு. ஓட்டியவர் மேல் வழக்குப் போட்டு ஜெயிக்கலாம். ஆனால், ஓட்டியவரிடம் காசு இல்லையென்றால் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் 1925இல் சட்டம் இயற்றி 1927இலிருந்து காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1930இல் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று எல்லோரும் எதிர்பார்க்கக்கூடியது: சாலையில் வண்டி ஓட்டினால் மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு முன்பு ஒரு விசித்திரமான அநியாயம் நடந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் காப்பீடு வைத்திருப்பார், விபத்து நடக்கும், நடுவில் அவர் திவாலாகிவிடுவார். காப்பீட்டுப் பணம் அவருடைய சொத்துக் கணக்கில் போய்ச் சேரும். கடன் கொடுத்த எல்லோரும் அதில் பங்குக்கு வருவார்கள். கால் இழந்தவர் அந்த வரிசையில் ஒருவராக நிற்க வேண்டும். அவர் காலுக்காக வந்த பணத்தில் மளிகைக்கடைக்காரருக்கும் பங்கு! அந்த இரண்டாவது சட்டம் இதை நிறுத்தியது. அடிபட்டவர் நேராகக் காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்கலாம் என்றது.

காப்பீடு ஓர் ஒப்பந்தம். அதில் முதல் நபர் வண்டியின் உரிமையாளர், இரண்டாம் நபர் நிறுவனம். கையெழுத்தே போடாத, அந்த ஒப்பந்தம் இருப்பதே தெரியாத ஒருவருக்கு அதில் உரிமை உண்டு என்று சட்டம் சொன்னது. அவர்தான் மூன்றாம் நபர். சாலையில் நடக்கிற யாரும், சைக்கிளில் போகிற யாரும், காவடி தூக்கிப் போகிற யாரும்.

இந்தியாவுக்கு இது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயமாக வந்தது. சட்டம் வந்தும், அந்த அத்தியாயம் மட்டும் உடனே உயிர்பெறவில்லை. 1946 ஜூலை 1 அன்றுதான் காப்பீடு கட்டாயமானது. அந்த ஏழு வருட இடைவெளியில் ஓர் உலகப்போரே முடிந்திருந்தது. கொங்கு நாட்டில் அதற்குள் மோட்டார் ஊறிவிட்டது. ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸை ஓட்டியது 1920இல். ஆக, கால் நூற்றாண்டுக்கு மேல் நம் சாலைகளில் பஸ்ஸும் காரும் கட்டாயக் காப்பீடு இல்லாமலே ஓடியிருக்கின்றன.

பிறகு ஒவ்வொரு கல்லாக அடுக்கினார்கள். சிவில் கோர்ட்டில் வருடக்கணக்காக அலைய வேண்டாம் என்று 1956 திருத்தத்தில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள். 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு தேசியமயமாகி, நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களுக்குள் அடங்கின. அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னையில். 1982இல் இன்னொரு பெரிய எட்டு: யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே உடனடியாகக் கொஞ்சம் பணம். இறப்புக்கு 15,000 ரூபாய். 1988ஆம் ஆண்டுப் புதிய சட்டம் அதை 25,000 ஆக்கியது. 1994 நவம்பரில் 50,000.

அந்த 25,000 என்ற எண்ணை நான் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் கேட்டிருக்கிறேன்.

*

1993 ஆடிப் பதினெட்டு. அப்போது எங்கள் மாவட்டத்துக்குப் பெரியார் மாவட்டம் என்று பெயர். எனக்கு ஐந்து வயது. மகுடேசுவரர் கோயில் படித்துறையில் கூட்டம். வீட்டில் அப்பாரு பெயரில் ஒரு அம்பாசிடர் இருந்தது. மஞ்சள் நல்ல விலைக்குப் போன வருடம் ஒன்றில் வாங்கியது. சித்தப்பாவுக்குப் பதினேழு வயது. டிரைவர் அண்ணனிடம் தோட்டத்துச் சாலையில் ஓட்டப் பழகியிருந்தார். “நல்லா ஓட்டுவான்” என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ‘நல்லா ஓட்டுவான்’ இன்றைக்கும் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஊஞ்சலூரிலிருந்து ஒரு அத்தையைக் கூட்டிவரச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தட்டு வண்டி ஒன்றைத் தாண்டப் போய், எதிரே சைக்கிளில் வந்தவர் மேல் மோதிவிட்டது. அவர் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். பிறகு இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள்.

காருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை. வாங்குகிற வயதும் இல்லை. ஈரோட்டில் வழக்கு நடந்தது. தீர்ப்பாயம் முதலில் இடைக்காலமாக அந்த 25,000 ரூபாயைக் கொடுக்கச் சொன்னது. பிறகு மூன்று வருடம். அப்பாரு தரப்பில் சொன்ன வாதம் ஒன்றே ஒன்று: “சாவியை நாங்க குடுக்கலைங்க. பையன் சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டான்.” தீர்ப்பாயம் ஒப்பவில்லை. இறந்தவரின் வருமானம், வயது இரண்டையும் வைத்துக் கணக்கிட்டு ஒரு தொகையைச் சொன்னது. காப்பீட்டு நிறுவனம் முதலில் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதை அப்பாருவிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம்.

காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீர் பாயும் ஒரு ஏக்கர் மஞ்சக்காடு போனது. நான் வளர்ந்ததெல்லாம் இந்தக் கதையைக் கேட்டுத்தான். ‘அந்த வருசம் காடு போச்சு.’ ‘இன்சூரன்ஸ் கட்டியும் நம்மளயே கட்ட வெச்சுட்டாங்க.’ எங்கள் வீட்டுக் கதையில் ஏமாற்றப்பட்டது நாங்கள்தான்.

*

‘முதலில் கொடு, பிறகு வசூலித்துக்கொள்.’ வக்கீல்கள் இதை ‘பே அண்ட் ரெக்கவர்’ என்பார்கள். நான் நினைத்துக்கொண்டிருந்த மாதிரி இது நிறுவனங்களின் தந்திரம் இல்லை. நிறுவனங்களுக்கு இதில் விருப்பமே கிடையாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் நாங்கள் ஒரு பைசாவும் தரமாட்டோம், உரிமையாளரிடம் போய்க் கேளுங்கள் என்பதுதான் அவர்கள் தரப்பு. அப்படி விட்டால் 1930க்கு முன்னால் இருந்த அதே இடத்துக்குப் போய்விடுவோம். உரிமையாளரிடம் காசு இல்லையென்றால் இறந்தவரின் குடும்பம் தீர்ப்பை வைத்துக்கொண்டு நிற்கும்.

2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஸ்வரண் சிங் வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் இதை விரிவாகப் பேசியது. லைசென்ஸ் இல்லை என்று சொன்னால் மட்டும் நிறுவனம் தப்பிக்க முடியாது. உரிமையாளர் தெரிந்தோ அலட்சியமாகவோ நிபந்தனையை மீறினார் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ளச் சொல்ல நீதிமன்றத்துக்கு வழி உண்டு. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் விதிப்படி ஓட்டினால் அவரும் லைசென்ஸ் உள்ளவராகவே கருதப்படுவார் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

2011இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. வீட்டுக்கு வந்த மைனர் பையன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான், விபத்து, ஓர் உயிர்போகிறது. உரிமையாளரின் வாதம்: சாவியை அவன் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனான். அதைப் படித்தபோது எனக்கு அப்பாருவின் குரல் கேட்டது. சாவி கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்று சொல்லி, நிறுவனம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்வதை நீதிமன்றம் உறுதி செய்தது.

2019 திருத்தம் இன்னும் கடுமை. மைனர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ உரிமையாளரோ குற்றவாளி: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பதினாறு வயதில் லைசென்ஸ் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம், கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு. சாயங்காலம் நம் ஊர் டியூஷன் சென்டர் வாசலில் நிற்கிற ஸ்கூட்டர்களெல்லாம் 110 சிசி. அந்த வரிசையில் நிற்கிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய ஒரு ஏக்கர்.

*

இந்த வரலாற்றின் கடைசி அத்தியாயம் எங்கள் கொங்கு நாட்டிலேயே ஆரம்பித்தது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். சாலையில் உடைந்து வருகிறவர்களை மேஜையில் பார்த்துப் பார்த்து, உடைவது நிற்க வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போன மருத்துவர். அந்த வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 2018 ஜூலையில் ஓர் உத்தரவு வந்தது: 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கினால் மூன்று வருடத்துக்கும், புது இருசக்கர வண்டி வாங்கினால் ஐந்து வருடத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சேர்த்தே வாங்க வேண்டும். முதல் வருடம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுகிற நம் பழக்கத்துக்கு வைத்த கடிவாளம். ஷோரூமில் ‘ஏங்க இவ்ளோ இன்சூரன்ஸ்?’ என்று நாம் முறைத்துக்கொண்ட அந்தத் தொகைக்குப் பின்னால் ஒரு கோவைக்காரர் இருக்கிறார் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

*

காலையில் அக்காவையும் மகளையும் உட்காரவைத்துப் பேசினேன். சித்தப்பா திண்ணையிலிருந்து உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

எது குறைச்சலோ அது, அதாவது வெறும் மூன்றாம் தரப்பு, போட்டால் என்ன ஆகும்? சாலையில் அடிபடுகிறவருக்கு அது போதும். இறப்புக்கும் காயத்துக்கும் அதில் தொகை வரம்பு இல்லை. ஆனால் காருக்கு உள்ளே இருப்பவர்கள் கதை வேறு. வெறும் மூன்றாம் தரப்புப் பாலிசி, தனியார் காரில் சும்மா ஏறிவருகிற தோழிகளைக் காப்பாற்றாது. பேக்கேஜ் பாலிசி, நாம் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்வது, உள்ளே இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளும் என்று 2009இல் ஒழுங்குமுறை ஆணையம் தெளிவுபடுத்தியது. 2012இல் உச்ச நீதிமன்றமும் அந்த வித்தியாசத்தைச் சுட்டிச் சொன்னது. காலேஜ் பிள்ளை கார் எடுத்தால் தனியாகவா போவாள்? நாலு பேர் ஏறுவார்கள். அதனால் பேக்கேஜ்.

அடுத்தது, ஓட்டுகிறவள். இங்கேதான் அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று தெரிந்தது. 15 லட்ச ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 2018இல் வந்தது. அது உரிமையாளரே ஓட்டினால்தான். வண்டி அக்கா பெயரில் இருக்கிறது. அக்காவுக்கு லைசென்ஸே கிடையாது. எனவே அது அவளுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. மகள் மூன்றாம் நபரும் ஆக மாட்டாள். வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார் என்று 2009இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. தன் தவறால் அவளுக்கே ஏதாவது ஆனால், அந்தப் பாலிசியில் அவளுக்கென்று ஒரு ரூபாய் இல்லை.

அதற்கு வழி உண்டு. பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கு விபத்துக் காப்பீட்டைச் சேர்ப்பதற்கென்று ஒரு பின்னிணைப்பு பழைய டாரிஃப் காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் அந்த டாரிஃபில் காருக்கு அதன் உச்சவரம்பு 2 லட்சம்தான். ஆகவே அதோடு, வண்டிக்குச் சம்பந்தமில்லாமல் அவள் பெயரிலேயே தனியாக ஒரு விபத்துப் பாலிசியும் எடுக்கச் சொன்னேன். பஸ்ஸில் போனாலும் அது கூடவே வரும்.

மூன்றாவது, காசு மிச்சம்பிடிக்கிறேன் என்று தொடக்கூடாத இடங்கள். அடுத்தவர் சொத்துக்கு நாம் செய்யும் சேதத்துக்குக் காருக்கு ஏழரை லட்சம் வரை உண்டு. அதை 6,000 ஆகக் குறைத்துக்கொள்ள ஒரு கட்டம் இருக்கும். கிடைக்கிற தள்ளுபடி ஒரு டீ செலவு மாதிரி. தொடவேண்டாம். புதிதாக ஓட்டுகிறவள் பம்பரில்தான் முதலில் இடிப்பாள். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். ஐந்து வயது தாண்டாத கார் என்பதால் ஜீரோ டெப் சேர்த்தோம். சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் கேட்டால், வருடா வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற போனஸ் போய்விடும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

“எல்லாஞ் சரி. ஏதாச்சும் ஒண்ணுன்னா யார் வீட்டுக்கு வருவாங்க?” என்றாள் அக்கா.

“உன் வீட்டுக்குத்தான்க்கா. ஆர்.சி. புக்குல யார் பேரோ அவங்க.”

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் சித்தப்பா பேசினார். “இன்சூரன்ஸ் அன்னிக்கும் நம்மள ஏமாத்தலைங்கண்ணு. நம்ம வீட்ல அப்படித்தான் சொல்லுவாங்க. அந்தம்மாவுக்கு அந்த இருபத்தஞ்சாயிரம் வந்ததுலதான் பெரிய பையனை ஸ்கூலுக்குத் திரும்ப அனுப்புச்சாங்க. அப்பறந்தான் மீதி வந்துது. இன்சூரன்ஸ் இல்லீன்னா, நாம காடு விக்கறதுக்குள்ள அவங்க என்ன பண்ணியிருப்பாங்க?”

அவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் போய்ப் பார்த்திருக்கிறார் என்று மட்டும் புரிந்தது. எத்தனை தடவை, எப்போதெல்லாம் என்று தெரியாது. முப்பது வருடம் எங்கள் வீட்டில் ‘காடு போச்சு’ என்று சொன்ன கதையில், சைக்கிளில் வந்தவரின் பெயரை யாரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சித்தப்பா அன்றைக்குச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

பணம் கட்டி முடித்ததும் பாலிசி பி.டி.எஃப். ஆக வந்தது. மகள் வாங்கி, தன் பெயர் இருந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாயங்காலம் ஈரோடு வரை ஓட்டிப் பழக வேண்டும் என்றாள். நான் எழுந்திருப்பதற்குள் சித்தப்பா செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நானும் வாரேன் கண்ணு. ஊஞ்சலூர்கிட்டப் போறப்ப மெதுவாப் போ. காவடிக்காரங்க நடப்பாங்க.”